வட்டியில்லாத் தவணையும் விலையில்லா மடிக்கணினியும்



என் மகள் 2025ஆம் கல்வியாண்டில் இளநிலைக் கணிதம் பயிலச் சேர்ந்தாள். முதல் பருவத்திலேயே பைதான் நிரல்மொழிக்குச் செய்முறை வகுப்பு உண்டு என்றும், ஒப்படைப்புகளைக் கணினியில் தட்டச்சு செய்துதான் தரவேண்டும் என்றும் துறையில் சொல்லிவிட்டார்கள். கட்டணமும் விடுதியல்லாத பிற செலவுகளும் போக என் கையில் மிஞ்சியிருந்தது 7,000 ரூபாய். கடையில் நாங்கள் பார்த்த புதிய மடிக்கணினியின் விலை 36,000.

திருநகரிலிருந்து நகருக்குள் சென்று பார்த்த அந்தக் கடையில், விற்பனையாளர் கேட்காமலேயே ஒரு வழியைச் சொன்னார். மாதம் 3,000 ரூபாய், 12 மாதம். கூட்டிப் பார்த்தால் சரியாக 36,000. “வட்டியே இல்ல பாய், நீங்க தாராளமா எடுக்கலாம்” என்றார். நம் மக்கள் வட்டிக்கு அஞ்சுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகளின் முகம் மலர்ந்ததையும் நான் பார்த்தேன்.

இந்த ‘வட்டியில்லாத் தவணை’ பற்றி நம்மில் பலருக்குத் தெளிவில்லை என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன். இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்று கூறி, கடன் அட்டையின் மீது அவ்வாறு விளம்பரம் செய்து வட்டியை மறைக்கும் முறையைத் தடுத்தது. அதற்குப் பின் நடைமுறை வேறு வடிவெடுத்தது. பொருளின் விலையிலிருந்து வட்டிக்கு ஈடான தொகையைத் தள்ளுபடியாகக் கழித்து விடுகிறார்கள். கழித்தது போக மீதியை வங்கி நமக்குக் கடனாக எழுதி, அதன் மீது வட்டியைச் சேர்த்து வசூலிக்கிறது. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், மாதம் 3,000 வீதம் 12 மாதத்துக்கு அசல் ஏறத்தாழ 33,238 ரூபாய், வட்டி 2,762 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 36,000. ஆகவே கடைக்காரர் சொன்ன கூட்டல் பொய்யன்று. ஆனால் மாதாமாதம் வரும் அட்டைக் கணக்கில் ‘வட்டி’ என்ற வரி இருக்கும். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனியே வரும். இந்தக் கணக்கில் அது 497 ரூபாய்.

“இதே தள்ளுபடியை ரொக்கம் கொடுத்து வாங்குபவருக்குத் தருவீர்களா?” என்று கேட்டேன். “அது கார்டுக்கு மட்டும்தான் பாய்” என்றார்.

எங்கள் ஹஸ்ரத்திடம் இதைக் கொண்டுபோனேன். நான் ஆலிம் அல்லன். அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். தவணை என்பதே விலக்கப்பட்டதன்று. ஒரு வணிகர் தம் சரக்கை, ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு விலை என்று சொல்லி, இரண்டில் ஒன்றை முடிவு செய்து விற்றால், அதை அறிஞர்களில் பெரும்பாலோர் வணிகமாகவே ஏற்கிறார்கள். காலம் தவறினால் அபராதமாகத் தொகை ஏறக்கூடாது என்பது அதன் நிபந்தனை. இங்கோ நமக்கு விற்பவர் ஒருவர். கடன் தருபவர் வேறொருவர். கடன் தருபவரோடு நாம் செய்யும் ஒப்பந்தம் வட்டி என்ற பெயரையே சுமந்து நிற்கிறது. அந்த வட்டியை யார் பையிலிருந்து ஈடு செய்தாலும், கையொப்பம் நம்முடையது. “தேவை கட்டாயமா, வேறு வழி உண்டா என்பதை முதலில் பாருங்கள்” என்றார். வேறு வழி என்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது பரணில் துணி சுற்றிக் கிடந்த மடிக்கணினி.

மகளிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “வட்டி வேணாம்னு சொல்றது சரி அத்தா. ஆனா அந்தப் பேணுதல் உங்களோடது. பழைய பொட்டிய வகுப்புக்குத் தூக்கிட்டுப் போறவ நானு.”

இதற்கு என்னிடம் உடனடியாக விடை இல்லை. மார்க்கத்தைப் பேணுவதில் ஆகும் செலவை, வீட்டில் குரல் குறைந்தவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, நாம் நன்மை எழுதிக்கொள்வது எளிது. நகையை விற்று வட்டிக் கடனை அடைத்தவர் கதையை மேடையில் கேட்கிறோம். அந்த நகை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே அவளையே நிபந்தனை வைக்கச் சொன்னேன். அவள் மூன்று வைத்தாள். ஒரு மணி நேர இணைய வகுப்பு தடங்கலின்றி ஓடவேண்டும். பைதான் நிரல் அதில் இயங்கவேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த 30 பக்க ஒப்படைப்பைத் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்க முடியவேண்டும். ஜூலை 31க்குள் இவை நடக்கவில்லையென்றால், என் அக்காவிடம் வட்டியில்லாக் கைமாற்று வாங்கிப் புதியது வாங்குவது என்று முடிவாயிற்று. அக்காவிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த மடிக்கணினியின் வரலாறு தமிழகத்தில் பல வீடுகளுக்குப் பொதுவானது. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்த மாணவர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் மடிக்கணினி வழங்கினார்கள். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. ‘இலவசம்’ என்று சொல்லாமல் ‘விலையில்லா’ என்று பெயரிட்டார்கள். என் தம்பி உதவி பெறும் பள்ளியொன்றில் படித்து 2013இல் பெற்றான். 14 அங்குலத் திரை, 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஒருபுறம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபுறம். மூடியில் அரசின் முத்திரை. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். தம்பி அதில் படித்துத்தான் பட்டம் பெற்றான். இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். கொரோனாக் காலத்தில் மகள் அதில் சில மாதம் பள்ளிப் பாடம் கேட்டாள். 2021க்குப் பிறகு பரண்தான்.

துணியை அவிழ்த்து மின்னிணைப்புத் தந்தோம். விசிறி சுழன்றது. திரை இருண்டே கிடந்தது. சில பீப் ஒலிகள், மௌனம், மறுபடியும் பீப்.

நகருக்குள் ஒரு பழுதுபார்ப்புக் கடையில் காட்டினேன். ஐந்து நிமிடத்தில், “மதர்போர்டு போச்சு, 6,500 ஆகும், இந்த மாடலுக்கு அது தேறாது, புதுசு வாங்கிருங்க” என்றார்கள். வெள்ளிக்கிழமை காஜிமார் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு, பெரியார் பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் வழியில், சந்தொன்றில் தனியாக அமர்ந்து வேலை பார்க்கும் முதியவரிடமும் காட்டினேன். அவர் பீப் ஒலியைக் காது கொடுத்துக் கேட்டார். பின்மூடியின் இரண்டு திருகுகளைக் கழற்றி, ரேம் சில்லை வெளியே எடுத்தார். அதன் ஓரத்தில் இருக்கும் பொன்னிறக் கோடுகள் மங்கியிருந்தன. மேசை இழுப்பறையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பென்சில் ரப்பர் ஒன்றை எடுத்து, அந்தக் கோடுகளை மெதுவாகத் தேய்த்தார். உதிர்ந்த துகளை ஊதித் தள்ளிவிட்டுச் சில்லைத் திரும்பப் பொருத்தினார். திரை எரிந்தது. கூலி எவ்வளவு என்றேன். “ரப்பருக்கு என்ன பாய் கூலி? ரேம் வாங்கும்போது என்கிட்ட வாங்குங்க” என்றார்.

பல ஆண்டு கிடப்பில் கிடந்த கணினிகளில் மிக அதிகமாக வரும் கோளாறு இது. தொடுமுனைகளில் படியும் மெல்லிய அழுக்குப் படலம் மின்னோட்டத்தை மறிக்கிறது. பீப் ஒலி பெரும்பாலும் ரேமைக் காணவில்லை என்று கணினி எழுப்பும் கூக்குரல். முதல் கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. நாளொன்றுக்கு இருபது கணினி பார்ப்பவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒன்றுக்குக் கொடுக்க முடியாது. ஆயினும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டியது; மழையில் நனைந்தது என்றார் விற்றவர்; அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். விற்பவர் சரக்கை மறைக்கக்கூடாது என்பதற்கே இதை எடுத்துச் சொல்வோம். வாங்குபவருக்குப் புரியாத தொழில்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கனமானது. கணினியின் உள்ளே கைவிட்டுப் பார்க்க நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. சந்துக் கடை முதியவர் முஸ்லிம் அல்லர். ஈரத்தை மேலே எடுத்து வைத்துக் காட்டினார்.

அடுத்த சிக்கல் விந்தையானது. திரை வந்தது, இணையம் வரவில்லை. வைஃபை இணைந்திருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை. பாதுகாப்பற்ற இணைப்பு என்றே ஒவ்வொன்றும் மறுத்தது. மகள் தொழுகை நேரம் காட்டும் பழைய செயலியைத் திறந்து பார்த்துச் சிரித்தாள்: அதன்படி அது ஜனவரி மாதம், 2012ஆம் ஆண்டு. மின்னிணைப்பைத் துண்டித்தால் நாள்காட்டி ஒவ்வொரு முறையும் அங்கேயே போய் நின்றது. பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது செல்லுபடியாகும் காலத்துக்கு முன்னால் கணினியின் கடிகாரம் நின்றால், சான்றிதழ் போலி என்று எண்ணி உலாவி மறுத்துவிடும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம் இருக்கிறது, சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். 40 ரூபாய் ஆயிற்று. எங்களுடையது எளிதில் எட்டும் இடத்தில் இருந்தது. சில மாடல்களில் முழுதும் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஹார்ட் டிஸ்க்தான் உண்மையான நோயாளி. கணினி திறந்து பயன்பாட்டுக்கு வர மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது. நடுநடுவே ‘டிக், டிக்’ என்ற ஓசை வேறு. உள்ளே ஒரு வட்டத் தகடு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, அதன்மேல் ஓர் ஊசிமுனை ஓடி ஓடித் தேடுகிறது. பன்னிரண்டு ஆண்டில் அது தளர்ந்து போவது இயல்பு. வட்டின் உடல்நிலையைக் காட்டும் நிரலில் பார்த்தபோது, கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள் கணிசமாக இருந்தன. இந்த நிலையில் செய்யவேண்டிய முதல் வேலை, வேறெதையும் செய்யாமல் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக்கொள்வது.

உள்ளே இருந்ததோ தம்பியின் ஐந்து ஆண்டுக் கல்லூரி வாழ்க்கை. படங்கள், கடிதங்கள், பெயரிடாத கோப்புறைகள். கருவி என் கையில் இருந்தாலும் அதிலிருப்பது அவனுடைய அமானிதம். பிறர் மறைவைத் துருவாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுப்பது பழைய வட்டுகளுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுப்பதையும் இதன் மறுபக்கமாகக் கொள்ளலாம். பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை வலியுறுத்திச் சொல்வேன். அன்றிரவு தம்பியை அழைத்தேன்.

“எதையும் பாக்காம அழிச்சிருங்கண்ணே,” என்றான். பிறகு, “இருங்க, இருங்க. ‘அத்தா’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அத மட்டும் எடுங்க” என்றான்.

அதில் பதினொரு ஒலிக்கோப்புகள் இருந்தன. எங்கள் அத்தா 2016இல் வஃபாத்தானார்கள். ஃபஜ்ருக்குப் பிறகு திண்ணையில் அமர்ந்து யாசீன் ஓதுவது அவர்கள் வழக்கம். தம்பி ஒருநாள் மடிக்கணினியைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பதிந்திருக்கிறான். பிறகும் சில நாள். எனக்கு இது தெரியாது. மடிக்கணினியின் சிறு ஒலிவாங்கியில் பதிந்ததால் இரைச்சல் அதிகம்; பால்காரர் மணி, தண்ணீர்க் குடம் வைக்கும் சத்தம், இடையிடையே அத்தாவின் இருமல். ஒன்பதாவது கோப்பு கெட்ட பகுதியில் மாட்டிக்கொண்டு படிக்க வரவில்லை. அதை நகலெடுக்கும் நிரலை இரவு முழுதும் ஓடவிட்டோம்; காலையில் பாதி கிடைத்திருந்தது. மகளுக்குத் தன் பாட்டனாரின் குரல் அதுவரை நினைவில் இல்லை. அதன்பின் அந்தக் கணினியை அவள் ‘பழைய பொட்டி’ என்று சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் மூன்று நிபந்தனையில் ஒன்றையும் தளர்த்தவுமில்லை.

வாங்கியவை இவை. 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று 1,600 ரூபாய். முதியவரிடம் பயன்படுத்திய 4 ஜி.பி. ரேம் இரண்டு, 1,100. செயலியின் மேல் தடவும் வெப்பப் பசை 150. பழைய வட்டை வெளியே வைத்துப் பயன்படுத்த யு.எஸ்.பி. உறை 250. அந்தக் கால மடிக்கணினிகளுக்கு டி.டி.ஆர். 3 வகை ரேம்தான் பொருந்தும். இப்போது கடையில் முன்னால் கிடக்கும் டி.டி.ஆர். 4 பள்ளத்திலேயே இறங்காது. டி.டி.ஆர். 3இலும் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரு வகை உண்டு. குறைந்த வோல்ட் சில்லு பெரும்பாலும் இரண்டிலும் ஓடும்; 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் கணினியில் 1.5 வோல்ட் சில்லு ஓடாது. பழைய சில்லின் ஒட்டுத்தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் குழப்பமில்லை.

பொருத்தியவள் மகள். மின்கலத்தைக் கழற்றி, கையை இரும்புச் சன்னலில் ஒருமுறை தொட்டுவிட்டு, பிஸ்மி சொல்லித் தொடங்கினாள். திருகுகளைப் பேரீச்சம்பழப் பெட்டியின் மூடியில், கழற்றிய இடத்தின் வரிசைப்படியே அடுக்கினாள். விசிறியின் வாயில் தூசு கம்பளம் போல் அடைத்திருந்தது. திருமங்கலம் சாலையோரத்து வீட்டுக் கணினி வேறெப்படி இருக்கும்? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, தம் செருப்பைத் தாமே தைப்பார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்ன செய்தி முஸ்னத் அஹ்மதில் வருகிறது. வீண் விரயத்தைக் கண்டிக்கும் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்களை உணவுக்கும் திருமண விருந்துக்கும் சொல்வோம். ஒரு ரப்பரால் தீரும் கோளாறுக்காக முழுக் கருவியையும் எறிவது அதில் அடங்காது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது மென்பொருள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் பாதுகாப்பு நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 முடிவு நாள். விண்டோஸ் 11 இவ்வளவு பழைய செயலியை ஏற்காது. “300 ரூபா குடுங்க, எல்லாத்தையும் போட்டுத் தர்றேன்” என்று ஒருவர் முன்வந்தார். உரிமம் இல்லாத திருட்டுப் பிரதி என்பது பேச்சிலேயே தெரிந்தது. 497 ரூபாய் வரிக்கும் 2,762 ரூபாய் வட்டிக்கும் அஞ்சிய வீட்டில் இதை எப்படிச் செய்வது? நம்மில் பலர் முதலாவதைப் பாவம் என்றும் இரண்டாவதைச் சாமர்த்தியம் என்றும் பார்க்கிறோம். எனக்கு அந்த வேறுபாடு விளங்கவில்லை. யாரிடமும் திருடாமல், யாருக்கும் கடன்படாமல் பயன்படுத்த லினக்ஸ் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு போட்டோம், 2029 வரை அதற்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் வரும். பைதான் அதில் முன்பே இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸ் இருக்கிறது. தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்க்கப் பத்து நிமிடம்.

இப்போது 25 விநாடியில் கணினி பயன்பாட்டுக்கு வருகிறது. ஜூலை இரண்டாம் வாரம் மகள் தன் சோதனையை நடத்தினாள். இணைய வகுப்பு ஒரு மணி நேரம் ஓடியது. ஆனால் அவள் தன் படத்தையும் காட்டி, பிற சாளரங்களையும் திறந்தபோது விசிறி அலறியது, படம் விட்டுவிட்டு வந்தது. பைதான் பிழையின்றி ஓடிற்று. ஒப்படைப்பில் கணிதச் சமன்பாடுகளும் தமிழும் ஒரே பத்தியில் வந்த இடத்தில் எழுத்துருக் குழப்பம் வந்து, அவளே இரண்டு நாள் போராடிச் சரிசெய்தாள். “ரெண்டே முக்கால்” என்று மதிப்பெண் போட்டாள். அக்காவுக்குத் தொலைபேசியில் பணம் வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான்.

மின்கலம் இருபது நிமிடம்கூடத் தாங்குவதில்லை. மாதாந்திர மின் பராமரிப்பு நாளில் கணினியும் ஓய்வெடுக்கிறது. புதிய மின்கலம் 1,500 ரூபாய் என்கிறார்கள்; கையிலிருந்த 7,000இல் இதுவரை போனது 3,140, ஆகவே இன்ஷா அல்லாஹ் அடுத்த பருவத்துக்குள் வாங்கிவிடலாம். மூடியின் ஒரு கீல் தளர்ந்திருக்கிறது. அதை இறுக்கினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும் என்று முதியவர் எச்சரித்ததால் தொடவில்லை.

வகுப்பில் யாராவது கேலி செய்தார்களா என்று மகளிடம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூடியிலிருக்கும் அரசு முத்திரையை மறைக்க ஒட்டுத்தாள் வாங்கித் தரட்டுமா என்று மட்டும் ஒருமுறை கேட்டேன், வேண்டாம் என்றாள். சென்ற வாரம் அவளோடு படிக்கும் பெண் ஒருத்தி, தன் அண்ணனுக்கு அதே திட்டத்தில் கிடைத்த மடிக்கணினியைத் துணிப்பையில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இருவரும் கூடத்தில் பாய் விரித்து அதைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அதன் ஹார்ட் டிஸ்க் நலமாக இருக்கிறதாம். ரேம் ஒன்று மட்டும் வேண்டுமாம். அந்தப் பெண்ணின் அண்ணனுடைய கோப்புகள் உள்ளே இருப்பதால், அவரிடம் கேட்டுவிட்டு வரும்வரை கணினியைத் திறக்கவேண்டாம் என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தது என் அறைக்குக் கேட்டது.